பந்தயம் காண வருவோரும் பாறசாலை வழியும்

உலகப் போட்டி ஒன்றை நடத்த முன்வரும் நாடு முதலில் விளையாட்டரங்கத்தைக் கட்டுகிறது. அடுத்து விமான நிலையத்தைப் புதுப்பிக்கிறது; பெருஞ்சாலைகளின் நடுவே பூச்செடிகளை வைக்கிறது. இவையெல்லாம் முடிந்த பின்னரே, வருகின்றவர் இரவில் எங்கே தங்குவார், எந்த வண்டியில் ஊர் திரும்புவார், வழி தெரியாதபோது யாரை எந்த மொழியில் வினவுவார் என்னும் கேள்விகள் எழுகின்றன. சில வேளைகளில் அவை எழாமலே போட்டியும் முடிந்துவிடுகிறது.

இப்பொருளைத் தலைநகரங்களிலிருந்து நோக்குவதே வழக்கம். நாம் அதனை ஓர் எல்லைப்புறத்திலிருந்து நோக்க விரும்புகிறோம். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, தமிழ்நாட்டின் களியக்காவிளையை அடுத்துக் கேரளத்தின் முதல் ஊர்களாக நிற்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியே அது. பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் தமிழன்பர்களில் குமரி மாவட்டத்தார் இவ்வழியை நன்கறிவார்கள். திப்ரூகரிலிருந்து குமரிக்கு வரும் விவேக் விரைவு வண்டியும், வட கோடியிலிருந்து வரும் ஹிமசாகரும் கேரளத்தினூடே வந்து, இவ்வூர்களின் நடுவே ஓடித்தான் நாகர்கோவிலை அடைகின்றன. சன்னலுக்கு வெளியே தென்னையும் மரச்சீனித் தோட்டமும் மாறாமல் இருக்க, நிலையப் பலகையின் எழுத்து மட்டும் மாறுகின்ற இடம் இது.

இவ்வூர்களுக்கும் உலகப் போட்டிக்கும் உள்ள தொடர்பு காரியவட்டத்தில் இருக்கிறது. திருவனந்தபுரம் நகருக்கு வடக்கே, கழக்கூட்டத்துக்கு அருகில், ஏறத்தாழ 50,000 பேர் அமரத்தக்க விளையாட்டரங்கம் ஒன்று அங்கே நிற்கிறது. 2015 ஆம் ஆண்டு ஜனவரி 31 முதல் பிப்ரவரி 14 வரை கேரளம் நடத்திய 35ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக எழுந்த அரங்கம் அது. அப்போட்டிகளுக்கு வந்த வீரர்கள் தங்குவதற்கு மேனங்குளத்தில் ஒரு கிராமமே அமைக்கப்பட்டது. பகுதி பகுதியாகச் செய்து கொண்டுவந்து பொருத்தும் வீடுகள். போட்டி முடிந்ததும் கழற்றி வேறிடத்தில் பயன்படுத்தத் தக்கவை. வந்தவர் போனபின் வெறுங்கட்டடம் பாழாகக் கிடவாதபடி செய்த இந்த யோசனை பாராட்டத் தக்கதே. ஆயின் அது விளையாட வந்தவர்களுக்காகச் செய்த ஏற்பாடு. பார்க்க வருவோர் கணக்கு வேறு.

காரியவட்டத்தின் வரலாற்றை வானத்தை விட்டுவிட்டுச் சொல்ல இயலாது. திருவனந்தபுரத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு. வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஒன்று விடைபெறுவதற்கும் மற்றொன்று வந்து சேர்வதற்கும் இடையில் கிடைக்கும் நாட்கள் சிலவே. 1984 அக்டோபர் 1ஆம் தேதி, நகரின் பல்கலைக்கழக மைதானத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய ஒருநாள் ஆட்டம் மழையால் முடிவின்றி நின்றது. அதே மைதானத்தில் 1988 ஜனவரி 25 அன்று மேற்கிந்தியத் தீவினரை எதிர்த்து நம் சென்னை ஸ்ரீகாந்த் 101 ஓட்டங்கள் எடுத்தார். ஆட்டம் என்னவோ மேற்கிந்தியத் தீவினருக்கே போயிற்று. பின்னர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்நகரில் பன்னாட்டுக் கிரிக்கெட் நடைபெறவில்லை.

2017 நவம்பர் 7ஆம் தேதி காரியவட்டத்தில் நியூசிலாந்து அணியோடு இருபது ஓவர் ஆட்டம் குறிக்கப்பட்டிருந்தபோது, மழை மறுபடியும் வந்தது. இம்முறை மைதானம் ஆயத்தமாக இருந்தது. விரிப்புகளால் தரையை மூடியும், தேங்கிய நீரை வடித்தும் பணியாட்கள் ஓயாது உழைத்தனர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதித்து, அணிக்கு 8 ஓவராகச் சுருக்கி ஆட்டம் நடந்தது. இந்தியா 6 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. இதனினும் சிறப்பு, அத்தனை நேரமும் மக்கள் கலைந்து போகாமல் காத்திருந்ததே. ஆனால் ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது. மைதானத்தின் ஆயத்தத்தைப் பற்றி மறுநாள் பலரும் பெருமையாகப் பேசினர். தெற்கே ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வந்தவர்கள் எவ்விதம் வீடு சேர்ந்தார்கள் என்பது பேச்சுக்கு வரவில்லை.

2023 ஆம் ஆண்டில் உலகக் கோப்பைப் போட்டியை இந்தியா தனியே நடத்திற்று. அக்டோபர் 5 முதல் நவம்பர் 19 வரை பத்து நகரங்களில் ஆட்டங்கள் நடைபெற்றன. திருவனந்தபுரம் அப்பத்தில் ஒன்றன்று; குவாஹாத்தி, ஹைதராபாத் ஆகியவற்றோடு முன்னோட்ட ஆட்டங்கள் மட்டும் அதற்குக் கிடைத்தன. கிடைத்த நாட்களோ செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 3 வரை! தென்னாப்பிரிக்காவும் ஆப்கானிஸ்தானும் ஆடவேண்டிய முதல் ஆட்டம் ஒரு பந்துகூட வீசப்படாமல் கைவிடப்பட்டது. ஆஸ்திரேலியா, நெதர்லாந்து ஆட்டம் பாதியில் நின்றது. நியூசிலாந்து மட்டும் மழைக் கணக்கின்படி தென்னாப்பிரிக்காவை 7 ஓட்டத்தில் வென்றது. மக்கள் ஆவலோடு எதிர்பார்த்த இந்தியா, நெதர்லாந்து ஆட்டம் அக்டோபர் 3 அன்று தொடங்கவே இல்லை. நாட்குறிப்பை வகுத்தவர்கள் 1984 ஆம் ஆண்டின் ஏட்டைப் புரட்டியிருக்கலாம். உள்ளூர் உழவர் ஒருவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

நாட்குறிப்பைப் பற்றி இன்னொன்றும் கூறவேண்டும். அதே 2023 ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று இலங்கையுடன் ஓர் ஆட்டம் காரியவட்டத்தில் நடந்தது. இந்தியா 317 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. ஒருநாள் ஆட்டங்களில் அதுவரை எவரும் பெறாத வெற்றி. அத்தகைய ஆட்டத்துக்கு அரங்கில் பெரும்பகுதி இருக்கைகள் வெறுமையாகக் கிடந்தன. அனுமதிச் சீட்டின் விலையைக் குறித்து வாக்குவாதம் எழுந்தது உண்மைதான். ஆனால் தெற்கேயுள்ள நம் கண்ணுக்குப் படுவது வேறொன்று. அன்று தைப்பொங்கல்! முந்திய நாள் சபரிமலையில் மகர விளக்கு. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பொங்கல் நாளில் பானையை இறக்கிவைத்துவிட்டு ஆட்டம் பார்க்க எத்தனை பேர் புறப்படுவார்கள்? விருந்துக்கு அழைப்பவன் அண்டை வீட்டுப் பஞ்சாங்கத்தையும் ஒரு முறை பார்ப்பது நல்லது.

இனி, வந்துசேரும் வழியைப் பார்ப்போம். களியக்காவிளையிலிருந்து பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம் என்று வளைந்து வளைந்து செல்லும் பழைய சாலை திருவனந்தபுரத்தை அடைய முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். அமரவிளையில் நெய்யாற்றைக் கடக்கிறோம். அகத்தியமலையில் தோன்றிப் பூவாற்றில் கடலோடு கலக்கும் இவ்வாற்றின் கரையிலேயே, அருவிப்புறத்தில், 1888 ஆம் ஆண்டில் ஸ்ரீ நாராயண குரு சிவலிங்கத்தை நிறுவினார். இருப்புப்பாதை 1979 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பாறசாலை, தனுவச்சபுரம், அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் ஆகிய இடங்களில் நிலையங்கள் உள்ளன.

இச்சாலையின் குறுக்கே மாநில எல்லை விழுந்தது 1956 நவம்பர் 1 அன்று. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலூக்காக்களும் அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலூக்காவையும் சேர்க்கவேண்டுமென்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரியிருந்தது. அது கேரளத்திலேயே நின்றது. அந்த வழக்கை இங்கே மீண்டும் கிளப்புவது நம் நோக்கமன்று. எல்லைக் கோட்டின் இருபுறத்திலும் ஒரே குடும்பத்தினர், ஒரே சந்தை, இரண்டு மொழியையும் ஒரே மூச்சில் பேசும் மக்கள் இருக்கிறார்கள் என்பதே நமக்கு வேண்டிய செய்தி. பாலராமபுரத்துக் கைத்தறி வேட்டியை நெய்யும் சாலியர் தெருக்களுக்குத் திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மர் காலத்தில் தமிழகத்திலிருந்தே நெசவாளர் வந்தனர். ஆகவே தெற்கிலிருந்து வரும் விருந்தாளி இவ்வூர்களுக்கு அயலாரல்லர். அரசாங்கத் தாள்களில்தான் அவர் அயல் மாநிலத்தவர்.

இம்மக்களுக்கு விருந்தோம்பத் தெரியுமா என்று யாரேனும் கேட்டால், நவராத்திரி ஊர்வலத்தைக் காட்டலாம். திருவிதாங்கூரின் தலைநகர் 1795 ஆம் ஆண்டில் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. அதன் பின்னர் ஏற்பட்ட வழக்கப்படி, ஆண்டுதோறும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் நவராத்திரிக்காகத் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகிறார்கள். நடைப் பயணம், மூன்று நாள் வழி. முதல் இரவு குழித்துறையில் தங்கல். மறுநாள் களியக்காவிளையில் கேரள அரசின் வரவேற்பும் காவலரின் அணிவகுப்பு மரியாதையும் நடைபெறும். பாறசாலை மகாதேவர் கோயிலில் இளைப்பாறி, இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயிலில் தங்கி, மூன்றாம் நாள் தலைநகர் சேர்வார்கள். 2023 ஆம் ஆண்டில் நவராத்திரி அக்டோபர் 15 அன்று தொடங்கிற்று. அதாவது, மழையில் நனைந்து ஆட்டம் நின்றுபோன பன்னிரண்டாம் நாள்; அதே பருவம், அதே ஈரச் சாலை.

இந்த ஊர்வலம் எவ்விதம் நடக்கிறது என்பதை உற்றுப் பார்த்தால், விருந்தினரை ஏற்பதன் இலக்கணம் முழுவதும் அதில் அடங்கியிருப்பதைக் காணலாம். எந்த நாளில் வருவார்கள் என்பது எல்லோருக்கும் முன்னரே தெரியும். எங்கே நிற்பார்கள், எங்கே உண்பார்கள், எங்கே உறங்குவார்கள் என்பவை முடிவான செய்திகள். எல்லையில் இரு மாநிலக் காவலரும் ஒருவருக்கொருவர் பொறுப்பை ஒப்படைக்கிறார்கள். ஒருவர் கைவிட்ட இடத்துக்கும் மற்றவர் ஏற்கும் இடத்துக்கும் நடுவில் வெற்றிடம் இல்லை. சாலையோர வீட்டார் தம் வாசலைக் கூட்டித் தெளித்து, குத்துவிளக்கேற்றிக் காத்திருக்கிறார்கள். வந்தவர்களைத் திரும்பவும் கொண்டுபோய் விடுவதும் அந்த ஏற்பாட்டின் பகுதியே; நவராத்திரி முடிந்ததும் அதே வழியில், அதே மரியாதைகளோடு மீட்சிப் பயணம் நடைபெறுகிறது. போட்டி நடத்துவோர் பெரும்பாலும் மறந்துவிடுவது இந்தக் கடைசிப் பகுதியைத்தான்.

ஊர்வலம் சென்று சேரும் நவராத்திரி மண்டபத்தில் 2006 ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒரு பெண்மணி பாடினார். 1924 ஆம் ஆண்டில் பிறந்து 2021 ஆம் ஆண்டில் மறைந்த பாறசாலை பி. பொன்னம்மாளே அவர். இசை விரும்பும் நேயர்களுக்காக இதைக் குறிப்பிட்டோம். இனி நம் பொருளுக்குத் திரும்புவோம்.

தெய்வங்களை வரவேற்பது வேறு, மனிதரை வரவேற்பது வேறு என்று சிலர் கூறலாம். மனிதரை வரவேற்ற அனுபவமும் இவ்வூருக்கு உண்டு, அது இனிமையானதன்று. 2020 மார்ச் 25 முதல் பெருந்தொற்றின் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டபோது, இந்த எல்லை மூடப்பட்டது. சிறு பாதைகளில்கூடத் தடுப்புகள் எழுந்தன. ஒரு தெருவின் இரு பக்கத்தாரும் இரு நாட்டார் போல ஆனார்கள். பின்னர் மே மாதத் தொடக்கத்தில், வெளி மாநிலங்களில் அகப்பட்டுக்கொண்டவர்கள் ஊர் திரும்பக் கேரள அரசு ஆறு வாயில்களைத் திறந்தது. வாளையாறு, குமுளி, ஆரியங்காவு, முத்தங்கா, மஞ்சேசுவரம் ஆகியவற்றோடு ஆறாவது வாயில் பாறசாலையை ஒட்டிய இஞ்சிவிளை. முன்னரே பதிவு செய்து, நாளும் நேரமும் குறித்த அனுமதிச் சீட்டோடு வரவேண்டும். வந்தவரின் உடல்நிலையைச் சோதித்து, எங்கே தங்கித் தனித்திருக்க வேண்டுமென்று சொல்லி அனுப்புவார்கள். அந்த நாட்களில் எந்த எல்லையிலேனும் காத்து நின்ற நம் நேயர்களுக்கு, நிழலும் குடிநீரும் கழிப்பிடமும் புரியும் மொழியில் ஒரு சொல்லும் எத்துணை மதிப்புடையவை என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை. அச்சம் மிகுந்த காலத்தில் சில நாட்களுக்குள் செய்யமுடிந்த ஏற்பாட்டை, மகிழ்ச்சியான காலத்தில் ஓர் ஆட்டத்துக்காகச் செய்யமுடியாதென்று யார் சொல்வார்?

வெளிநாட்டார் செய்தவற்றிலிருந்து இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1964 அக்டோபரில் டோக்கியோ நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றபோது, வருகின்றவர்களில் மிகப் பலருக்கு ஜப்பானிய எழுத்துத் தெரியாது என்பதை அந்நாட்டார் சிந்தித்தனர். ஒவ்வொரு விளையாட்டுக்கும், கழிப்பிடம், தொலைபேசி போன்ற ஒவ்வொரு வசதிக்கும் எளிய சித்திரக் குறிகளை வரைந்து எங்கும் நட்டார்கள். இன்று உலகமெங்கும் விமான நிலையங்களில் நாம் காணும் குறிகளின் பரவலுக்கு அம்முயற்சி பெருந்துணையாயிற்று. களியக்காவிளையில் தமிழ்ப் பேருந்தைவிட்டு இறங்கி மலையாளப் பலகை தாங்கிய பேருந்தை நோக்கும் முதியவரின் நிலையும் டோக்கியோவில் இறங்கிய அயல்நாட்டாரின் நிலையே. பேச்சு புரிகிறது, எழுத்து புரியவில்லை. ஆட்ட நாளில் காரியவட்டம் செல்லும் பேருந்தின் நெற்றியில் ஒரு பந்தும் மட்டையும் வரைந்துவிட்டால் போதும். மொழிப் பூசலுக்கும் இடமில்லை.

மற்றொன்று கத்தார் நாடு. 2022 நவம்பர் 20 முதல் டிசம்பர் 18 வரை உலகக் கால்பந்துக் கோப்பை அங்கே நடந்தது. சிறிய நாடு, வருவோர் அனைவருக்கும் இடம் போதாது. ஆகவே கடலில் கப்பல்களை நிறுத்தி அவற்றில் அறைகள் கொடுத்தார்கள். அதனினும் முக்கியமாக, துபாய், மஸ்கட், ரியாத் முதலிய அண்டை நகரங்களில் தங்கிக்கொண்டு, ஆட்ட நாளில் மட்டும் விமானத்தில் வந்து அன்றே திரும்புவதற்கு வழி செய்தார்கள். அண்டை நாடுகள் கத்தாருக்கு விருந்தினர் விடுதிகள் ஆயின. நம்மிடம் இதற்கு விமானம் வேண்டாம். நாகர்கோவிலும் மார்த்தாண்டமும் நெய்யாற்றின்கரையும் திருவனந்தபுரத்தின் விடுதிகளாக எளிதில் ஆகலாம். குமரி முனையையும் பத்மநாபபுரம் அரண்மனையையும் காண வருவோர் மாலையில் ஆட்டமும் பார்க்கலாம். (அவ்வரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்துகொண்டு கேரள அரசால் காக்கப்படுவது, எல்லையைப் பொருட்படுத்தாத ஏற்பாடுகளுக்கு ஓர் எடுத்துக்காட்டு.) தமிழ்நாடு இவ்வகையில் அனுபவமற்றதுமன்று. ரஷ்யாவில் நடைபெறவிருந்த சதுரங்க ஒலிம்பியாடை நான்கு மாத அவகாசத்தில் ஏற்று, 2022 ஜூலை 28 அன்று தொடங்கி மாமல்லபுரத்தில் நடத்திக் காட்டியது.

இடையூறு ஒன்று புதிதாக வந்திருக்கிறது; அது நன்மையின் உருவில் வந்தமையால் பலர் கண்ணுக்குப் படுவதில்லை. கழக்கூட்டத்திலிருந்து எல்லையை ஒட்டிய காரோடு வரை ஏறத்தாழ 43 கிலோமீட்டருக்கு அகன்ற புறவழிச் சாலை அமைந்திருக்கிறது. காரில் வருகின்றவர் பாறசாலையையும் நெய்யாற்றின்கரையையும் காணாமலே, நகரின் நெரிசலிலும் சிக்காமலே காரியவட்டத்தின் அருகில் இறங்கலாம். நல்லதுதான். ஆனால் பழைய சாலையில் இனி மிஞ்சுகின்றவர் யாவர்? பேருந்தில் வரும் மாணவர், ரயிலில் வரும் தொழிலாளர், வேன் பிடித்து வரும் ஊர்க் கூட்டத்தார். விருந்தோம்பல் மிகுதியும் தேவைப்படுவது இவர்களுக்கே. புதுச் சாலை திறந்தபின் அதிகாரிகளின் பார்வை அகல்வதும் இவர்களைவிட்டே. சாலையோரத்து ஓட்டல்காரரும் பெட்டிக்கடைக்காரரும் முன்னர் கார்க்காரரிடம் விற்ற ரசவடையையும் கட்டன்சாயாவையும் ஏத்தன்பழத்தையும் இவர்களிடம் விற்றாலொழிய அவர்களுக்கும் பிழைப்பில்லை.

இவர்களுக்குத் தேவையானவை பெரிய செலவுக்குரியன அல்ல. இரவு ஆட்டம் பதினோரு மணியை ஒட்டி முடிகிறது. வழக்கமான கால அட்டவணை அந்நேரத்துக் கூட்டத்தை எண்ணி எழுதப்பட்டதன்று. கேரளப் பேருந்து காரியவட்டத்திலிருந்து களியக்காவிளை வரை வந்தால், அங்கே தமிழ்நாட்டுப் பேருந்து காத்திருக்கவேண்டும். ஊர்வலத்தில் காவலர் பொறுப்பை ஒப்படைப்பது போல. இதற்கு இரண்டு போக்குவரத்துக் கழகங்களின் அதிகாரிகள் ஒரு பிற்பகல் ஒன்றாக உட்கார்ந்தால் போதும். பாறசாலை, நெய்யாற்றின்கரை நிலையங்களின் கழிப்பிடங்கள் அன்றிரவு திறந்திருக்கவேண்டும். இது சிறு செய்தி என்று எண்ணுவோர், பெண்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு இரவுப் பயணம் செய்து பார்க்கட்டும்.

ஆட்டம் காண இவ்வழி வர எண்ணும் நேயர்களுக்குச் சில குறிப்புகள். ரயிலில் வருவோர்க்குக் காரியவட்டத்துக்கு அண்மையிலுள்ள நிலையம் கழக்கூட்டம். எல்லா வண்டிகளும் அங்கே நிற்பதில்லை என்பதால் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளவும். நேமம் நிலையம் இப்பொழுது திருவனந்தபுரம் தெற்கு என்றும், கொச்சுவேளி திருவனந்தபுரம் வடக்கு என்றும் 2024 ஆம் ஆண்டு முதல் வழங்குகின்றன. பழைய பெயரைத் தேடித் திகைக்கவேண்டாம். தமிழ்நாட்டில் பதிவான வாடகை வேனில் வருவோர், கேரளத்துக்குரிய அனுமதியும் வரியும் செலுத்தப்பட்டுள்ளனவா என்பதைப் புறப்படுமுன் ஓட்டுநரிடம் கேட்டு, ரசீதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளவேண்டும். ஆபத்து நேர்ந்தால் ஆம்புலன்சுக்கு 108 என்னும் எண் இரு மாநிலங்களுக்கும் பொது. ஆனால் கட்டுப்பாட்டு அறைகள் வெவ்வேறு. ஆகையால் எல்லையருகே நின்று அழைப்பவர் முதலில் தாம் நிற்கும் ஊரையும் மாநிலத்தையும் சொல்லிவிட வேண்டும். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அரசாங்க மருத்துவமனைகள் உண்டு. செப்டம்பர் இறுதியிலிருந்து நவம்பர் வரை எந்த ஆட்டத்துக்கு வந்தாலும், வானம் எவ்வளவு தெளிவாகத் தோன்றினும், குடையை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டாம். அரங்கத்தினுள்ளே அதை அனுமதிக்கமாட்டார்கள் என்றால், வந்த வண்டியிலேயே வைத்துச் செல்லலாம். இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது தேவைப்படும்.